நர்சிங் கவுன்சிலில் பெயர் ஏறுமா என்று முதலில் கேளுங்கள்

2012-ல் பிளஸ் டூ முடித்தபோது எனக்கு 1200-க்கு 786 மார்க். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் அந்த வருடம் அறிவியல் பிரிவு எடுத்த பெண்கள் மூன்றே பேர். நர்ஸ் ஆக வேண்டும் என்று மட்டும் தெரியும். அதற்கு எத்தனை வழி உண்டு, எந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வீட்டிலும் ஆளில்லை, தெருவிலும் ஆளில்லை. தருமபுரியில் ஒரு மாடியில் ‘ஒரு வருட நர்சிங்’ என்று போர்டு மாட்டியிருந்தார்கள். வெள்ளைச் சீருடை, முடித்ததும் வேலை என்றார்கள். அப்பா தக்காளி விற்ற பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார்.

முடித்த கையோடு ஓசூரில் ஒரு மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போனேன். அங்கிருந்த மூத்த சிஸ்டர் என் சான்றிதழை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “கவுன்சில் நம்பர் எங்கம்மா?” என்றார். அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். “இதை வச்சு ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது பாப்பா. உனக்கு இன்னும் வயசு இருக்கு, போய் முறையாப் படி” என்றார். பஸ்ஸில் ராயக்கோட்டை வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன். படிப்பை முடித்தால் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பெயர் பதிவாகுமா? பதிவாகாது என்றால் எவ்வளவு குறைந்த கட்டணம் என்றாலும் பணம் கட்டாதீர்கள். நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட் என்ற ஒரு வருடப் படிப்புகளுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாமல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் அரசு நர்ஸ் தேர்வுக்கும் விண்ணப்பிக்க முடியாது.

பதிவு கிடைக்கும் வழிகள் மூன்று. ஏ.என்.எம். இரண்டு வருடம், துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான படிப்பு இது. ஜி.என்.எம்., பொது நர்சிங்கும் பேறுகாலப் பணியும் சேர்ந்த டிப்ளமா; 2013-ல் நான் சேர்ந்தபோது மூன்றரை வருடம், இப்போது மூன்று. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். பி.எஸ்சி.க்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் இருக்க வேண்டும், இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம். கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் இந்தக் கதவு அடைத்துவிடும். ஆகவே முடிவைப் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கலந்தாய்வில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்தான்.

மார்க் இருந்தால் பி.எஸ்சி.யே எடுங்கள். நான் ஜி.என்.எம். முடித்து, பிறகு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தேன். நான்கு வருடத்தில் கிடைக்கும் பட்டம் எனக்கு ஐந்தரை வருடத்தில் கிடைத்தது. எய்ம்ஸ் மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்குப் பட்டம் இருந்தால் நேராக விண்ணப்பிக்கலாம், ஜி.என்.எம். மட்டும் என்றால் 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். ஆனால் கடன் வாங்கித்தான் தனியார் கல்லூரி என்ற நிலைமை வந்தால், அரசு நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம். கிடைப்பதை விடாதீர்கள். வேலைக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு, பட்டத்தைப் பிறகு எட்டிப் பிடிக்கலாம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு ஆபத்து பெங்களூரு புரோக்கர். ரிசல்ட் வந்த வாரமே வீட்டுக்கு வந்து, “கவுன்சலிங் எதுக்கு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுங்க, சீட் உறுதி” என்பார்கள். ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்காதீர்கள். கர்நாடகத்தில் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நேரில் போய்ப் பாருங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா, மாணவிகளை வார்டுப் பயிற்சிக்கு எங்கே போஸ்டிங் போடுகிறார்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். வார்டு இல்லாமல் கற்ற நர்சிங் கையில் நிற்காது.

தமிழ் மீடியம் பிள்ளைகள் பயப்படுவது ஆங்கிலத்துக்கு. முதல் மாதம் அனாடமி வகுப்பில் எனக்கு ஒன்றுமே ஏறவில்லை. எங்கள் சீனியர் அக்கா ஒருத்தர்தான் வார்த்தையை உடைத்துப் படிக்கச் சொன்னார். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ‘ஹெப்பட்’ கல்லீரல், ‘நெஃப்ர்’ சிறுநீரகம், ‘காஸ்ட்ர்’ இரைப்பை. இனி ஹெப்பட்டைட்டிஸும் காஸ்ட்ரைட்டிஸும் தானாகப் புரியும். ‘டாக்கி’ வேகம், ‘பிராடி’ மந்தம்; கார்டியா சேர்த்தால் இதயத் துடிப்பு. நாளைக்குப் பத்து என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, விடுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தேன். இரண்டாம் வருடம் வந்தபோது சுவரில் இடமில்லை. அந்த வேர்களை வைத்துத்தான் பின்னால் போட்டித் தேர்வும் எழுதினேன். பரீட்சையை மட்டும் நம்பாதீர்கள். வார்டில் பார்த்த நோயாளியை வைத்து அன்றைக்கு இரவே பாடத்தைப் புரட்டுங்கள். சர்க்கரை நோய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றிய அன்று படித்த பக்கம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

போன மே மாதம் பக்கத்து வீட்டு மாமா, மகளோடு வந்தார். அவருக்கு இருந்த ஒரே தயக்கம் நைட் டியூட்டி. நான் எதையும் மறைக்கவில்லை. நைட் உண்டு, பண்டிகை நாளிலும் டியூட்டி உண்டு, கால் வலிக்கும். அரசு வேலையிலும் ஆரம்பத்தில் ஒப்பந்தமும் தொகுப்பூதியமும்தான் என்றேன். அவர் மகளைப் பார்த்தார். அவள், “நான் படிக்கிறேன்ப்பா” என்றாள்.

அன்றைக்கே சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்துக்கு அனுப்பினேன். விண்ணப்பம் தொடங்கிய பிறகு போனால் அங்கே வரிசை வெளியே வரை நிற்கும். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். சேர்ந்த பிறகு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அதற்காக அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கும் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.