விவாகரத்தில் கம்பெனிக்கு விலை போட்ட கதை: கரன்ட் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

போன வாரம்தான் கடைசிக் கையெழுத்து முடிந்தது. மொத்தம் 18 மாதம். இதில் விவாகரத்து, பிள்ளைகள், வீடு, சேமிப்பு எல்லாம் 4 மாதத்தில் பேசி முடிந்துவிட்டன. மீதி 14 மாதத்தையும் கம்பெனி ஒன்றே தின்றது. இதே நிலையில் இருக்கிறவர்கள் நான் விழுந்த குழியில் விழக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இயந்திர உதிரிபாகம் செய்யும் பட்டறை அது, தனியார் நிறுவனமாகப் பதிவு செய்திருந்தோம். பங்கு என் கணவருக்கு 60 சதவீதம், எனக்கு 40. அவர் பட்டறையையும் வாடிக்கையாளர்களையும் பார்த்துக்கொண்டார்; பில், வங்கி, சம்பளம் எல்லாம் என் பொறுப்பு. பிரிவது என்று முடிவான மாதம், வேறு நாலு காகிதங்களோடு இயக்குநர் பதவியிலிருந்து விலகும் கடிதமும் என் முன்னால் வந்தது. இனிமேல் அங்கே எனக்கென்ன வேலை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இயக்குநராக இருக்கிறவர் கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். வெறும் பங்குதாரர் என்றால் வருடாந்திரக் கணக்கறிக்கையை நீட்டிவிட்டு அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியும். எனக்கு அதுதான் நடந்தது. பத்து வருடம் நானே எழுதிய பேரேட்டைப் பார்க்க நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியதாயிற்று.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும், அதை உங்கள் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் திருமண காலத்தில் சேர்ந்தது பாதிக்குப் பாதி. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் வைட் எதிர் வைட் தீர்ப்புக்குப் பிறகு, சம்பாதித்தவர், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது நிலைத்துவிட்டது. இந்தியாவில், கோவாவைத் தவிர, திருமணச் சொத்து என்று பொதுவாகப் பிரித்துக் கொடுக்கும் சட்டமே இல்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது, மற்றவருக்கு ஜீவனாம்சம் என்கிற வழிதான். ஆனால் கம்பெனிக்கு விலை போடும் கணக்கு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், நான் அடிபட்டதும் அங்கேதான்.

அவர் தரப்பு மதிப்பீட்டாளரின் அறிக்கை முதலில் வந்தது. அட்டை போட்டு, 40 பக்கம், கடைசியில் ஒரு எண். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அன்று இரவு நான் சாப்பிடவில்லை. உண்மையான தொகையை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதால் விகிதமாகச் சொல்கிறேன். கம்பெனியின் வருட லாபம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 4 மடங்காக்கி மொத்த மதிப்பு 400 என்று போட்டிருந்தார். என் 40 சதவீதத்துக்கு 160. பாதிக்கும் குறைவான சிறுபான்மைப் பங்கு, வெளியில் விற்க முடியாது என்று சொல்லி அதிலும் 25 சதவீதம் தள்ளுபடி. கையில் 120.

நான் சரி என்று சொல்லியிருப்பேன். அந்த அளவுக்குச் சலிப்பு. எனக்கென்று தனியாக ஒரு மதிப்பீட்டாளரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று என் தங்கைதான் பிடிவாதம் பிடித்தாள்.

முதல் சந்திப்பு வீண். மூன்று வருடக் கணக்கறிக்கையை இரண்டு அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இதெல்லாம் எங்களுக்குப் பத்தாதுங்க" என்றார். என்ன வேண்டும் என்று முதல் நாள் தொலைபேசியில் கேட்டபோது சொன்னதும் இதே ஆள்தான். வேண்டியது என்ன என்பதை நான் எழுதிவிடுகிறேன், நீங்கள் ஒரே தடவையில் கொண்டுபோங்கள்: ஐந்து வருட மாதாந்திர விற்பனை, வங்கி அறிக்கை, வரித் தாக்கல், சரக்கு இருப்புப் பட்டியல், யார் எவ்வளவு பாக்கி, அது எத்தனை நாள் பழைய பாக்கி, கடன் பத்திரங்கள், வாடகை ஒப்பந்தம், பங்குதாரர் ஒப்பந்தம். பேரேட்டை பிடிஎஃப்பாக வாங்காதீர்கள். கணக்கு மென்பொருளின் பேக்கப்பையே கேளுங்கள். பிடிஎஃப்பில் எந்தப் பதிவு எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று தெரியாது. எங்களுக்கு முதலில் 600 பக்கம் பிடிஎஃப்தான் வந்தது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் இரண்டு மாதம் போனது.

மதிப்பீட்டாளர் நல்ல மனிதர். மூன்று வழி இருக்கிறது என்றார். இருக்கிற சொத்தைக் கூட்டிக் கடனைக் கழிப்பது ஒன்று, சம்பாதிக்கும் திறனை வைத்து விலை போடுவது இன்னொன்று, இதே மாதிரிக் கம்பெனி என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றாவது எங்களுக்கு உதவவில்லை, சின்னப் பட்டறைகள் கைமாறிய விவரம் யார் கையிலும் இல்லை. வாரிசு வரிக்காக அமெரிக்க வரித்துறை 1959இல் வெளியிட்ட 59-60 என்ற வழிகாட்டுதலை ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அது எட்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. புத்தக மதிப்பு அதில் ஒன்று, சம்பாதிக்கும் திறன் வேறொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் பெரிய லேத் மெஷின் தேய்மானம் கழிந்து கழிந்து புத்தகத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பட்டறையின் பாதி வேலை அதில்தான் ஓடுகிறது. எதிர்த்தரப்பு அறிக்கையின் சொத்துப் பட்டியலில் அதற்கு நேராக ஒரு கோடு மட்டும் இருந்தது.

பிறகு என் மதிப்பீட்டாளர் அந்த 100ஐப் பிரித்தார். லாபம் என்பது செலவு போக மீதி, அப்படியானால் செலவு நியாயமானதா என்றுதானே முதலில் கேட்க வேண்டும்? கணவர் எடுத்த சம்பளம், அதே வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் கொடுக்கும் சம்பளத்தைவிட 40 அதிகம். பட்டறைக் கட்டடம் மாமியார் பெயரில் இருக்கிறது. அதற்குக் கம்பெனி கொடுத்த வாடகை அக்கம்பக்கத்தைவிட 15 அதிகம். வீட்டுக் கார், எல்லோருடைய தொலைபேசி என்று இன்னொரு 10. இந்தச் செலவுகளைப் பல வருடம் பதிந்தது நான்தான், என் தொலைபேசியும் அதில் இருந்தது, அதையும் மறைக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தால் 100 என்பது 165 ஆகிறது. அதே 4 மடங்கு, 660. என் பங்கு தள்ளுபடி இல்லாமல் 264. வரியை விட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், இருந்தாலும் 120க்கும் 264க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

தள்ளுபடி பற்றி ஒரு வார்த்தை. சிறுபான்மைப் பங்கை மூன்றாம் ஆளுக்கு விற்றால் விலை குறையும், அது உண்மை. ஆனால் இங்கே வாங்குகிறவர் ஏற்கெனவே 60 வைத்திருப்பவர், வாங்கியதும் முழுக் கம்பெனியும் அவருடையது. அவருக்கு எதற்குத் தள்ளுபடி? சில இடங்களில் நீதிமன்றம் இதை ஏற்கும், சில இடங்களில் ஏற்காது. பங்குதாரர் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி வரி இருந்தால் அதுதான் முதலில் பேசும், எடுத்துப் படியுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை, அதனால் வாதாட முடிந்தது. கடைசியில் 5 சதவீதத்தில் நின்றது.

இனிதான் கரன்ட் பில். மதிப்பீடு எந்தத் தேதிக்கு என்பது பெரிய விஷயம். பிரிந்த தேதியா, விசாரணைத் தேதியா என்று ஊருக்கு ஊர் மாறும். எங்களுக்குப் பிரிந்து ஆறு மாதம் கழித்து ஒரு மாதக் கடைசி என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தோம். அந்த ஆறு மாதத்தில் விற்பனை 30 சதவீதம் விழுந்ததாகக் கணக்கு வந்தது. சந்தை சரியில்லை என்று ஒரு பத்தி விளக்கமும் இருந்தது. எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

பட்டறையின் மின் இணைப்பு என் தொலைபேசி எண்ணில் பதிவாகியிருந்தது. மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் பழைய குறுஞ்செய்திகளை அழித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. எத்தனை யூனிட் என்று ஒவ்வொரு பில்லுக்கும் செய்தி. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன், பக்கத்தில் அந்தந்த மாத விற்பனையையும் எழுதினேன். நான்கு வருடமாக இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியிருக்கின்றன. பிரிந்த பிறகு விற்பனை மட்டும் விழுகிறது, யூனிட் அப்படியே நிற்கிறது. மெஷின் ஓடியிருக்கிறது. ஓடியது எங்கே போனது?

மதிப்பீட்டாளர் டெலிவரி சலான் புத்தகத்தைக் கேட்டு எழுதினார். வர ஐந்து வாரம் ஆயிற்று. சலான் எண் 212 முதல் 268 வரை சரக்கு போயிருக்கிறது, வாங்கியவர் கையெழுத்தும் இருக்கிறது, பில் மட்டும் இல்லை. மதிப்பீட்டுத் தேதி முடிந்த இரண்டு வாரத்துக்குள் அத்தனைக்கும் பில் போட்டிருக்கிறார்கள். அந்த 57 சலானையும் நானே சரிபார்த்தேன். அன்று அழுதேன், ஆனால் அது முதல் நாள் இரவு போல இல்லை.

அவர் பக்கம் நியாயம் இருந்த இடமும் உண்டு. வாடிக்கையாளர்கள் தன் முகத்துக்காகத்தான் வருகிறார்கள், அந்த நற்பெயர் தன்னுடையது, பங்கு போட முடியாது என்றார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கம்பெனியின் நற்பெயரையும் ஆளின் நற்பெயரையும் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். எங்கள் பெரிய மூன்று வாடிக்கையாளர்களில் இருவர் கம்பெனியோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டவர்கள், அவர் இல்லாவிட்டாலும் ஆர்டர் வரும். மூன்றாமவர் அவருடைய பள்ளித் தோழர். அந்தப் பகுதியை விட்டுக்கொடுத்தேன், 4 மடங்கு என்பது 3.7 ஆனது. அப்புறம், அவருடைய அதிகச் சம்பளத்தைக் கம்பெனி மதிப்பில் ஒரு தடவை சேர்த்துவிட்டு, அதே சம்பளத்தைக் காட்டிப் பராமரிப்புத் தொகையும் கேட்பது ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணுவது என்று அவர் வழக்கறிஞர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கணக்குப்படி அது சரி. பராமரிப்பைக் குறைத்துக்கொண்டேன்.

விற்றுப் பணத்தைப் பிரிப்பதா, சேர்ந்தே வைத்திருப்பதா, ஒருவர் மற்றவரை வாங்கிக்கொள்வதா என்ற கேள்வியில் எங்களுக்குச் சண்டையே இல்லை. அங்கே 22 பேர் வேலை செய்கிறார்கள், மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வாங்கிக்கொள்கிறார். மொத்தமாகக் கொடுக்கக் கையில் பணம் இல்லாததால் முதலில் 40 சதவீதம், மீதி மூன்று வருடத் தவணையில், வட்டியோடு. தவணைக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: முழுப் பணமும் வரும்வரை ஏதாவது ஒன்று உங்கள் பிடியில் இருக்க வேண்டும். என் பங்குகள் இப்போது மூன்றாம் ஆளிடம் அடமானமாக இருக்கின்றன, ஒரு தவணை 60 நாள் தவறினால் என் பெயருக்கே திரும்பிவிடும். பங்கு கைமாறினால் உங்கள் ஊரில் வரி உண்டா, அதை யார் கட்டுவது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் வங்கி. கம்பெனிக் கடனுக்கு நான் சொந்த ஜாமீன் போட்டிருந்தேன். பங்கைக் கொடுத்தாலும் ஜாமீன் தானாகப் போகாது, கம்பெனி நாளை நொடித்தால் வங்கி என் வீட்டுக் கதவைத் தட்டும். விவாகரத்து உத்தரவில் கடன் அவருடையது என்று எழுதியிருந்தாலும் அது எங்கள் இருவருக்குள் உள்ள பேச்சு, வங்கியைக் கட்டுப்படுத்தாது. முதல் தடவை போனபோது கவுன்டரில் இருந்தவர் உத்தரவின் நகலைப் புரட்டிவிட்டு, "இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத காகிதம்" என்று திருப்பித் தள்ளினார். இரண்டாம் தடவை மேலாளர் விடுப்பு. மூன்றாம் தடவை, எனக்குப் பதிலாக வேறு ஜாமீன்தாரரை அவர் கொண்டுவந்தால்தான் விடுவிக்க முடியும் என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதியிருப்போம். ஜாமீன் விடுதலைக் கடிதம் வராமல் பங்கு மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். ஒன்பது நாளில் அவருடைய அண்ணன் ஜாமீன் போட வந்தார்.

போன செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. ஒரே பக்கம், கீழே முத்திரை, என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. பிழையைத் திருத்தி வாங்க மறுபடியும் போனேன். திருத்திய கடிதத்தை வாங்கி வெளியே வந்து, வாசல் படியிலேயே உட்கார்ந்து முழுதாக ஒரு தடவை படித்துவிட்டு, பிறகுதான் பங்கு மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மின் இணைப்பில் இருக்கும் என் எண்ணை மட்டும், கடைசித் தவணை வரும்வரை மாற்றப் போவதில்லை.