குடுக்காவம்மா

“வெளிச் சாமான் எதையும் உள்ள எடுக்க மாட்டோம்மா. இங்கயே எல்லாம் குடுக்கோம்.”

மனு பார்க்க, அதாவது உள்ளே இருக்கும் மகனைப் பார்க்க வந்த ஒரு அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அவர் கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஒரு ஹமாம் சோப்பு, சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய்.

“எல்லாம்னா, சோப்புமா சார்?”

“சோப்புந்தாம்மா.”

மேசைக்குப் பக்கத்தில் நின்ற மகனின் கையைப் பிடித்து இழுத்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பொடிப் பொடியாகச் சிரங்கு. சொறிந்த இடமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. “ஏலே, சோப்பு குடுக்காவளா?” என்று அவனிடம் கேட்டார்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு, “குடுக்காவம்மா” என்றான்.

இல்லத்துக்குச் சோப்பு வந்து அப்போது மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஊரையும் இல்லத்தையும் நான் சொல்லப்போவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. எங்கள் பக்கத்து கூர்நோக்கு இல்லம் ஒன்று, வழக்கில் சிக்கிய பிள்ளைகளை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆற்றுப்படுத்துநராக, பிள்ளைகளின் மனசறிந்து பேசும் ஆலோசகராக, ஒப்பந்தத்தில் சேர்ந்தவன். ஆள் இல்லாததால் ஸ்டோர் சாவியும் என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு பையனிடம் “மனசுல என்ன இருக்கு, சொல்லு” என்று காலையில் கேட்ட வாயால், சாயங்காலம் “போன வாரந்தானடா பேஸ்ட் வாங்குன” என்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, சாவி என்னிடம் இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பினேன். எனக்கு முன்னால் ஸ்டோர் கணக்கு ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. நான் வந்த பிறகு ஒத்துப்போனது.

அந்தப் பங்குனியில் நிதியாண்டு முடியும் நேரம். பழைய பில் கருவூலத்தில் நின்றதால் கடைக்காரர் புதுச் சரக்கு அனுப்பவில்லை. கையிருப்பு 7 சோப்பு, பையன்கள் 26 பேர். 100 கிராம் சோப்பை நூல் போட்டு நாலாக அறுத்தேன். ஆளுக்கு 25 கிராம் வந்தது, 2 துண்டு மிஞ்சியது. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று அன்று எனக்கு நிறைவாகக்கூட இருந்தது. குளிக்கவும் துவைக்கவும் அந்த ஒரு துண்டுதான். எங்கள் போர் தண்ணீரில் நுரை சீக்கிரம் எழும்பாது. தேய்த்துத் தேய்த்தே சோப்பு கரைந்துவிடும். நாலைந்து நாளில் தீர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பதிவேட்டில் ஆளுக்கு ‘சோப்பு – 1’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். துண்டும் ஒன்றுதானே என்று எழுதிவிட்டேன். ஆக, ‘குடுக்கோம்’ என்று நான் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தது. அந்தப் பையனின் கையெழுத்தும் அதில் இருந்தது.

அந்தச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் எண்ணெய், சோப்பு போன்றவற்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு தர வேண்டும் என்று அளவோடு அட்டவணையே உண்டு. அது யாரும் பார்த்துக் கொடுக்கிற சலுகை கிடையாது, பிள்ளைக்குச் சேர வேண்டியது. பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்கு நானே அதை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

வெளிச் சாமானை ஏன் மறுத்தேன் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு முறை பேஸ்ட் டியூபுக்குள் பாதி பிளேடு வந்தது. ஒரு பையன் மணிக்கட்டைக் கீறிக்கொண்டான். அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். அதற்குப் பிறகு உள்ளே எதுவும் வரக் கூடாது என்று சொன்னதும் நான்தான். அந்த ரத்தத்தைப் பார்த்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் சட்டத்தின் 3ஆம் பிரிவில் முதலில் இருக்கும் கோட்பாடு, பதினெட்டு வயது வரை எந்தப் பிள்ளையையும் குற்ற எண்ணம் இல்லாதவராகவே கருத வேண்டும் என்பது. பிள்ளையை அப்படிக் கருதச் சொல்லும் இடத்தில், பீடி சுற்றி வந்த கூலியில் அவன் அம்மா வாங்கிய சோப்பை நான் சந்தேகப்பட்டேன். அவர் கையில் புகையிலை வாடை இருந்தது. உறைகூடப் பிரிக்காத சோப்பு. ஒரு ஊசியால் நாலு இடத்தில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

சோப்பு இருந்திருந்தாலும் சிரங்கு வந்திருக்கும். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. அடுத்த நாள் பார்த்த டாக்டர், இது தோலுக்கடியில் குடையும் ஒரு சின்ன உண்ணி, ஒட்டிப் படுப்பதில் பரவுகிறது, சோப்புப் போட்டால் மட்டும் சாகாது என்றார். பெர்மெத்ரின் களிம்பை ராத்திரி கழுத்திலிருந்து கால் வரை தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. சொறிகிறவனுக்கு மட்டும் போட்டால் பயன் இல்லை, கூடப் படுப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் போட வேண்டும். துணியை வெந்நீரில் துவைத்துக் காயப்போட வேண்டும். துவைக்க முடியாததை மூன்று நாள் பையில் கட்டி வைத்தால் போதும், உடம்பை விட்டுப் பிரிந்தால் அது அதற்கு மேல் உயிரோடு இருக்காதாம்.

“எத்தனை நாளா உங்ககிட்ட இருக்கான்?” என்று கேட்டார்.

“ஒன்பது வாரம்.”

“அரிப்பு?”

“பத்து நாளா.”

முதல் தடவை ஒட்டினால் அரிப்பு எடுக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்றார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருப்பான் என்று நான் வைத்திருந்த நினைப்பு அங்கே விழுந்தது. முன்பே ஒரு தடவை வந்தவன் என்றால் சில நாளிலேயே அரிக்கும் என்றும் அவர் சொன்னார். அதையும் பிடித்துக்கொண்டேன். ஆனால் எப்படிப் பார்த்தாலும் ஒட்டியது எங்கள் இடத்தில் என்றுதான் ஆகிறது.

26 பேருக்கும் ஒரே ராத்திரி களிம்பு போட்டோம். போர்வை, பாய் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் போட்டோம். நம் ஊர் பங்குனி வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்! காலையில் களிம்பைக் கழுவச் சோப்பு வேண்டுமே. என் காசில் 26 சோப்பு வாங்கினேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதினால் என் பக்கம் சாய்வதற்காக எழுதுவது போல இருக்கும். உண்மையில் அன்று எனக்கு உறைத்தது வேறு. அதற்கு மூன்று வாரம் முன்பும் அதே காசு என்னிடம் இருந்தது.

திரும்பத் திரும்ப நான் போய் நிற்பது அந்த ஒரு சொல்லில்தான். குடுக்காவம்மா.

பயந்து சொன்னானா? அம்மா போன பிறகு இவனோடுதானே இருக்கணும் என்று நினைத்திருந்தால், சுவரில் மாட்டிய புகார்ப் பெட்டியும் நான் நடத்திய அமர்வுகளும் எதற்கு? அம்மா அழுதுகொண்டே பஸ் ஏறக் கூடாது என்று சொன்னானா? அந்தச் சோப்பு வீட்டில் தங்கச்சிக்கு ஆகட்டும் என்று நினைத்தானா? சில ராத்திரிகளில், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று தோன்றும். அப்படித் தோன்றும்போது மற்ற மூன்றையும்விட வேதனையாக இருக்கும்.

அதற்குப் பிறகு உறை பிரிக்காத சோப்பை ஊசியால் குத்திப் பார்த்து உள்ளே எடுத்தேன். ஒரு மாதம் நடந்தது. மனு பார்க்க யாருமே வராத பிள்ளைகள் பாதிக்கு மேல். ஒருவன் பக்கத்துப் படுக்கைக்காரனின் சோப்பு உறையை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். மறுபடி எல்லாரிடமும் வேண்டாம் என்றேன். கடைக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்து சோப்பும் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்தது. இப்போது பதிவேட்டில் கிராம் கணக்கில் எழுதுகிறேன். துண்டு கொடுத்தால் துண்டு என்று எழுதுகிறேன். சரியான முடிவா, தெரியவில்லை. அடுத்த பங்குனியில் பில் மறுபடி நின்றால் என்ன செய்வேன் என்பதும் தெரியவில்லை.

அவனுக்கு இளைஞர் நீதிக் குழுமம் பிணை கொடுத்த அன்று அம்மா வந்திருந்தார். விரல்கள் ஆறியிருந்தன, தழும்பு மட்டும் கறுப்பாக நின்றது. அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கையில், “அன்னைக்கி ஏம்ல அப்படிச் சொன்ன?” என்று கேட்க வாய் வரை வந்தது. அம்மா பக்கத்திலேயே நின்றார். நான் கேட்டால், அவன் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

“பாத்துப் போங்கம்மா” என்றேன். “வாரோம் சார்” என்று அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.