கிணறு வற்றிய வீட்டில் ஒரு நீச்சல் தொட்டி

எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது எங்கள் தோட்டத்துக் கிணறு. தாத்தா என் முதுகில் இரண்டு சுரைக்குடுக்கையைக் கட்டி, கடைசிப் படியில் நின்று தள்ளிவிடுவார். ஒரு கோடை லீவு முடிவதற்குள் பழகிவிட்டேன். இப்போது அந்தக் கிணற்றின் அடியில் சருகுதான் கிடக்கிறது. பல்லடம் பக்கம் பல தோட்டங்களில் இதே கதைதான். வீட்டுக்குத் தண்ணீர் 900 அடி போர்வெல்லில் இருந்து வருகிறது. மகளுக்கு ஒன்பது வயது, இடுப்பளவு தண்ணீரைக் கண்டாலே என் கையைப் பிடித்துக்கொள்வாள். கிணறு இல்லாவிட்டால் தொட்டியாவது கட்டுவோம் என்று தை மாதம் வேலையை ஆரம்பித்தேன்.

அளவு: 20 அடி நீளம், 10 அடி அகலம். ஒரு முனையில் 3 அடி தண்ணீர், மறு முனையில் 4 அடி. கணக்குப் போட்டால் சுமார் 20 ஆயிரம் லிட்டர், அதாவது 20 டன் எடை. பழகும் குழந்தைக்கு இதற்கு மேல் ஆழம் தேவையில்லை. சுவரைத் தரைமட்டத்தில் இருந்து ஒன்றரை அடி உயர்த்தினேன். மழைக்காலத்தில் வாசல் சேறு உள்ளே போகாது, ஓடிவரும் குழந்தை தடுக்கி நேராகத் தண்ணீரில் விழாது, தோண்டும் ஆழமும் குறையும்.

பொக்லைன் வந்து ஒரு நாளில் தோண்டியது. இரண்டு அடி செம்மண், அப்புறம் முழுக்கச் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல். பக்கெட் பல் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்தது. அடித்தளத்துக்கு அது நல்லதுதான் என்று மேஸ்திரி சொன்னார்.

கம்பி கட்டும்போது அவர் கேட்டார்: "ஏனுங்க, தண்ணித் தொட்டி தானுங்களே, எதுக்குங்க ரெண்டு வரிசைக் கம்பி?" தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் சுவரை வெளியே தள்ளும். கழுவுவதற்காகக் காலி செய்தால் வெளியே இருக்கும் ஈர மண் சுவரை உள்ளே தள்ளும். இரண்டு பக்கமும் இழுவிசை வருவதால் சுவரின் இரண்டு முகத்திலும் கம்பி வேண்டும். 10 எம்.எம். கம்பி, அரையடிக்கு ஒன்று, எட்டு அங்குலச் சுவர், எம்25 கான்கிரீட். தரையோடு சேர்த்துச் சுவரிலும் அரையடி உயரத்துக்கு ஒரே நாளில் கான்கிரீட் போட்டோம். மூலையில் ஒட்டு (முன்பு போட்ட கான்கிரீட்டும் பிறகு போடுவதும் சேரும் இடம்) விழுந்தால் கசிவு அங்கேதான் ஆரம்பிக்கும். மேலே விழுந்த ஒட்டில் வாட்டர் ஸ்டாப்பர் பட்டை வைத்தோம். பத்து நாள் சணல் சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருந்தோம். இந்தப் பத்து நாளில் அவசரப்படக் கூடாது.

தொட்டியின் அடியில், மோட்டார் ஃபில்டருக்குத் தண்ணீரை உறிஞ்சும் வாய் ஒன்று போதும் என்று பிளம்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வாயாக இருந்து அதன் மேல் குழந்தையின் தலைமுடியோ உடம்போ ஒட்டிக்கொண்டால், மோட்டாரின் முழு இழுவையும் அங்கேயே நிற்கும், பிரித்தெடுக்க முடியாது. இரண்டு வாய், நடுவில் மூன்றடிக்கு மேல் இடைவெளி, இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால் ஒன்று அடைத்தாலும் மற்றது இழுத்துக்கொள்ளும். வீட்டில் கட்டுபவர்கள் இந்த ஒரு செலவைக் குறைக்கவே கூடாது. மோட்டார் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, தனி எர்த் குழியும் எடுத்தேன். தண்ணீருக்குள் விளக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மாசி கடைசியில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை நிரப்பிப் பார்த்தோம். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தது. வெயில் குடித்ததா, கசிந்ததா? இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியின் படியில் முக்கால்வாசி முங்கும்படி வைத்து, வாளிக்குள்ளும் தொட்டிச் சுவரிலும் மட்டத்தைக் குறிக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து இரண்டையும் பார்க்க வேண்டும். வாளியில் 6 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, தொட்டியில் 18. வித்தியாசம் 12 மில்லிமீட்டர்தான், ஆனால் 200 சதுர அடிப் பரப்புக்கு அது ஒரு நாளைக்கு 220 லிட்டர்!

மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கினேன். ஊசியில்லாத சிரிஞ்சில் நீல மை எடுத்து, சந்தேகப்பட்ட இடத்தில் எல்லாம் மெதுவாக விட்டுப் பார்த்தேன். மூலைகளில் மை புகைபோல் அப்படியே மிதந்தது. தண்ணீர் உள்ளே வரும் குழாயைச் சுற்றி விட்டதும் ஒரு நூல் மாதிரி நீண்டு, வளைந்து, குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் போய் மறைந்தது. இன்னொரு சொட்டு விட்டேன். அதுவும் அங்கேதான் போனது.

பி.வி.சி. குழாயின் மேற்பரப்பு வழவழப்பு, கான்கிரீட் அதைப் பிடிக்காது. காயும்போது சுருங்கி முடியளவு இடைவெளி விட்டுவிடும். கான்கிரீட் போடுவதற்கு முன்பே குழாயைச் சொரசொரப்பாக்கி, சால்வென்ட் (குழாய் ஒட்டும் பசை) தடவி, ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. குழாயைச் சுற்றி இரண்டு அங்குலம் கொத்தி எடுத்து, காயும்போது சுருங்காத கிரவுட் என்ற சிமெண்ட் கலவை வைத்து அடைத்தோம். அதன் மேல் வாட்டர்புரூஃப் பூச்சு, முதல் கோட் நெடுக்கில், இரண்டாவது குறுக்கில். மறுபடி வாளி வைத்தேன். இரண்டும் ஒரே அளவு இறங்கின.

டைல்ஸ் வெளிர்நீலம். அடி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நிறம். படிகளின் விளிம்பில் மட்டும் கரும்நீல வரி. சுற்றி நாலடிக் கம்பி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கேட், தாழ்ப்பாள் என் நெஞ்சு உயரத்தில். வேலி முடிந்த பிறகுதான் தண்ணீர் விட்டேன்.

அப்புறம் வந்தது நான் எதிர்பார்க்காத கஷ்டம். போர்த் தண்ணீர் நிரப்பி, மாலையில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். காலையில் தொட்டி பால் கலந்த மாதிரி இருந்தது. இரண்டாவது படி கண்ணில் படவில்லை. எங்கள் தண்ணீரின் கடினத்தன்மை (கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பின் அளவு) 800 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 800 மில்லிகிராம், நீச்சல் தொட்டிக்கு 400 தாண்டக் கூடாது. பிளீச்சிங் பவுடரிலும் கால்சியம் உண்டு, அது பி.எச். என்னும் அமில-கார அளவையும் ஏற்றும். ஏறியதும் கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளையாகப் பிரிந்துவிட்டது. சொட்டுப் பரிசோதனையில் பி.எச். 8.2 காட்டியது, 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். ஆசிட்டை வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி (ஆசிட் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது), மோட்டார் ஓடும்போது சேர்த்தேன். படிகாரம் போட்டு ஒரு ராத்திரி அசையாமல் விட்டு, அடியில் படிந்ததை உறிஞ்சி வெளியே தள்ளினேன். தெளிந்தது, ஆனால் நான்கே நாளில் டைல்ஸ் ஓரத்தில் விரலில் ஒட்டும் வெள்ளைப் பொருக்கு.

கடினத்தைக் குறைக்க மழைத்தண்ணீர்தான் வழி. எங்கள் மொட்டை மாடி 1,200 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 1,100 லிட்டர் வரும். சித்திரையில் மூன்று கோடை மழை கிடைத்தது. ஒவ்வொரு மழையிலும் முதல் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விட்டு, மீதியைச் சம்ப்பில் பிடித்தேன். 10 ஆயிரம் லிட்டர் சேர்ந்தது. தொட்டியில் குளோரின் போட்டு நான்கு நாள் ஆகியிருந்த பாதித் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சிவிட்டு, மழைத்தண்ணீரை ஏற்றினேன். கடினத்தன்மை 410. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் டைல்ஸ் ஒட்டி முடித்தபோதுகூட வரவில்லை.

இப்போது தினமும் ஆறு மணி நேரம் மோட்டார் ஓடுகிறது, மொத்தத் தண்ணீரும் ஒரு முறை மணல் ஃபில்டர் வழியாகப் போய்வந்துவிடும். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். வரை வைத்திருக்கிறேன், வெயில் தின்றுவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகே சேர்க்கிறேன். ஃபில்டர் மீட்டரில் அழுத்தம் 8 பி.எஸ்.ஐ. கூடினால் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது), அந்தத் தண்ணீரும் தென்னைக்குத்தான். பகலில் பச்சை வலை மூடி. இதுவரை செலவு நாலரை லட்சம் தாண்டிவிட்டது, மோட்டார் ரூமுக்குக் கதவு இன்னும் பாக்கி.

வேலியோரம் போட்டிருந்த சுரைக்கொடியில் நான்கு காயை முற்ற விட்டிருந்தேன். காய்ந்ததும் தட்டிப் பார்த்தால் விதை குலுங்கியது. இரண்டை மகள் முதுகில் கட்டி, அம்மா கரையில் உட்கார்ந்திருக்க, நான் மூன்றடிப் பக்கம் நின்றேன். முதல் வாரம் முழுக்க என் கழுத்தை விடவில்லை. மூன்றாவது வாரம் சுவரில் இருந்து என் கை வரைக்கும் வந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளே சொன்னாள்: "அப்பா, ஒண்ணை மட்டும் கட்டுங்க." ஒன்றை அவிழ்த்து அம்மா மடியில் வைத்துவிட்டு வந்தேன்.