மூணு கண்ணுப் பாலம்: ஆகஸ்ட் மாத நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஒரு உப்போடை, அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய மூன்று வளைவுப் பாலம். ஊரில் எல்லாரும் மூணு கண்ணுப் பாலம் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும், கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் உடைந்து கிடக்கிறது, நடுக்கண்ணில் கை நுழையும் அளவுக்கு விரிசல். இடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. புதுப் பாலத்தின் வரைபடம் முடிவாவதற்கு முன்னால், அந்த மண்ணுக்குள் பழைய தடயம் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதித் தரும்படி தொல்லியல் வேலை பார்க்கும் என்னிடம் பொறியாளர் கேட்டிருக்கிறார். இங்கே இப்படி முன்கூட்டியே யாரும் கேட்பதில்லை, அதனால் போனில் அவர் சொன்னதும் உடனே சரி என்றுவிட்டேன்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. பழைய மண் இருக்கும் இடத்தை இணையத்தில் போட்டால் கடப்பாரையோடு ஆள் வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4

முழு நாளும் காகிதம். பழைய நில அளவை வரைபடம், கிராமக் கணக்கில் அ-பதிவேடு, புல எல்லைப் படங்கள். எனக்கு எப்போதும் முதல் சாட்சி புலங்களின் பெயர்தான். ஊர்ப்பக்கம் மேடு, திடல், நத்தம் என்று முடியும் பெயர் எதையும் சும்மா விட்டுவிடக் கூடாது. வைகை முகத்துவாரத்துக்குப் பக்கத்து அழகன்குளத்தில் தோண்டிய மேட்டை அந்த ஊர்க்காரர்கள் முன்பிருந்தே கோட்டைமேடு என்றுதான் அழைத்தார்கள். மாநிலத் தொல்லியல் துறை 1986-87இல் அங்கே அகழாய்வைத் தொடங்கி, பல பருவங்கள் தோண்டி, 2016-17 வரை போனது. கப்பல் படம் கீறிய பானை ஓடு, தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள், இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்க்காடியஸ் காலத்து ரோமக் காசுகள் எல்லாம் அங்கே கிடைத்தவை. தெற்கே பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான். இந்த இரண்டுக்கும் அருகில் இருக்கும் கடற்கரை ஓடை ஒன்றின் கரையில் எதுவுமே இருக்காது என்று ஆரம்பத்திலேயே எழுத என்னால் முடியாது.

எங்கள் ஓடைக்குத் தெற்கே ஒரு புலத்துக்கு 'சில்லுத்திடல்' என்று பெயர் இருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

கச்சான் காற்று முகத்தில் மண்ணை அள்ளி வீசுகிறது. காலை ஆறரைக்கு ஆரம்பித்து பத்து மணிக்குள் நடந்து முடித்தோம், அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் சாலையை ஏற்றிக் கட்டிய மண்கரையில் பானை ஓடுகள் கிடந்தன, நிறையவே. கூட வந்த மாணவன் ஒவ்வொன்றாக எடுத்து, "மேடம், இங்கதான் மேடம் ஊர் இருந்திருக்கு" என்று துள்ளுகிறான். கருப்பு சிவப்பு ஓடு இருக்கிறது, வாய் விளிம்பு இருக்கிறது, பளபளப்புக்கூடப் போகவில்லை. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப்படாத உள்பக்கமும் விளிம்பும் கருத்து, வெளிப்பக்கம் சிவந்து வருமே, அதே ஓடு.

ஆனால் அந்த மண்கரை யாரோ எங்கிருந்தோ கூடையில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. அதற்குள் இருக்கும் ஓடு மண்ணோடு சேர்ந்து வந்த ஓடு. அது கிடந்த இடம் இதுவல்ல. கரையைப் பார்த்து 'இங்கே வாழ்விடம்' என்று எழுதினால் அறிக்கை தப்பாகிவிடும், 'கலைந்த மண், மதிப்பில்லை' என்று எழுதினாலும் தப்புதான். கேட்க வேண்டியது ஒன்றுதான், இந்த மண்ணை எங்கே வெட்டினார்கள்?

ஆகஸ்ட் 7

இன்று சுமைதாங்கிக் கல்லைப் பற்றி மட்டும்.

பாலத்துக்கு மேற்கே சாலையோரம், சீமைக்கருவேலத்துக்குள், இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுக்கவைத்த சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அதனால் இந்தக் கல் தோள் உயரத்துக்குத்தான் இருக்கும். இப்போது படுக்கைக் கல் என் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. கல் கீழே இறங்கவில்லை, சாலைதான் ஏறியிருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். மேல்கல்லுக்கும் இன்றைய தரைக்கும் ஒன்றேகால் அடி. ஆளின் தோள் உயரம் நாலரை அடி என்று வைத்தால் பழைய பாதை மூன்றேகால் அடி ஆழத்தில் இருக்கிறது. மண் பரிசோதனை எதுவும் இல்லாமல் ஒரு கல் இதைச் சொல்லிவிட்டது.

பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் இந்தக் கல்லை நடுவார்கள். படுக்கைக் கல்லின் ஓரத்தில் விரலால் தடவிய மஞ்சள் இருந்தது, காய்ந்து பொருக்காகி, ஆனால் இந்த வருடத்து மஞ்சள். இன்னும் யாரோ வருகிறார்கள். அறிக்கையில் பாலத்துக்குத் தருகிற அதே இடத்தை இந்தக் கல்லுக்கும் தரப் போகிறேன்.

ஆகஸ்ட் 9

மண் எங்கே வெட்டினார்கள் என்பதற்குப் பதில் கிடைத்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா, எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், என் பையில் இருந்த வட்டச் சில்லைப் பார்த்ததும் கையில் வாங்கி, கட்டை விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார். பானை ஓட்டை உடைத்து, ஓரத்தைத் தேய்த்து, ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வட்டமாக்கியது. கீழடியிலும் இப்படி வட்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன.

"இதை எதுக்குத்தா பொறுக்குற? இதை வச்சுத்தான நாங்க பாண்டி வெளாண்டோம். நாங்க தேய்க்கக்கூட வேணாம், தேய்ச்சாப்லயே கெடக்கும்."

"எங்க அப்பத்தா கெடக்கும்?"

"அந்தா, தெக்க கெடங்குல. ரோட்டுக்கு அங்கிட்டுதான் மண்ணு வெட்டுனாக. எங்க அப்பா வெட்டியிருக்காரு."

கூடவே நடந்து வந்து காட்டினார். சில்லுத்திடலேதான். மண்ணெடுத்த கிடங்கு ஒன்று, ஆடும் மழையும் சேர்ந்து ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாக அறுத்து வைத்திருக்கின்றன. மேலே இரண்டடிக்குக் காற்று கொண்டுவந்த வெறும் மணல். அதற்குக் கீழே ஒரு முழத்துக்குச் சாம்பல் நிற மண்ணில் சிப்பி, கரித்துண்டு, ஓடு. கரையில் இருந்த ஓடுகள் எல்லாத் திசையிலும் குத்திக்கொண்டு நின்றன, இங்கே ஒவ்வொன்றும் படுத்திருக்கிறது, விழுந்த இடத்திலேயே கிடக்கிற மாதிரி. அதற்கும் கீழே மஞ்சள் மணல், அதில் ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சங்குத் துண்டு வளையலுக்கு அறுத்த மாதிரி நேர்கோட்டில் வெட்டுப்பட்டிருந்தது. மண் மூடியிருந்ததால் அறுத்த தடம்தானா என்று உறுதியாகத் தெரியவில்லை. சுரண்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. சுரண்டவில்லை. தோண்ட உரிமம் வேண்டும், நான் வந்திருப்பது பார்த்து எழுத மட்டும். அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன், இடத்தைக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தச் சில்லை அப்பத்தா திருப்பித் தந்துவிட்டார். "வச்சுக்கத்தா" என்றார். பைக்குள் எண் எழுதி வைத்திருக்கிறேன், துறையிடம் போய்ச் சேர வேண்டியது அது.

ஆகஸ்ட் 12

மண் பரிசோதனைக்கு போர் போட ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பரிசோதனை பொறியாளர்களுக்காக என்று நினைத்து எங்கள் தொல்லியல் ஆட்கள் அந்தப் பக்கமே போவதில்லை. போக வேண்டும். அந்த ஓடையின் நடுவில் இத்தனை ஆழத்திலிருந்து மண்ணை எடுத்துக் காட்ட வேறு யாரும் வரப்போவதில்லை. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது, எத்தனை முறை அடித்தால் குழாய் எவ்வளவு இறங்குகிறது என்று எண்ணுகிறார்கள். அவர்களுக்கு அந்த எண் போதும். எனக்கு வேண்டியது குழாய்க்குள் மாட்டிய மண்.

குழாயை இரண்டாகப் பிளந்து வைத்தார்கள். மூன்று மீட்டரில் வந்தது வெண்ணெய் மாதிரி வழுக்குகிற கருங்களிமண், அழுகிய முட்டை வாடை. நடுவில் சின்னச் சின்னச் சிப்பிகள், இரண்டு ஓடும் பிரியாமல் சேர்ந்தே இருந்தன. அடித்துக்கொண்டு வந்த சிப்பி இப்படி இருக்காது, அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தது. ஆக இந்த ஓடை ஒரு காலத்தில் அமைதியான கழிமுகமாக இருந்திருக்கிறது, கரையில் ஆள் இருந்தால் தோணி வந்து நிற்கத் தோதான தண்ணீர். காற்றுப் புகாத இந்தக் களிமண்ணில் மரமும் கயிறும்கூட அழுகாமல் கிடக்கும். பானை ஓடு எதுவும் வரவில்லை. ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான குழாயில் வரவில்லை என்பதை வைத்து அடியில் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதையும் எழுத வேண்டும்.

போர் போடுகிற அண்ணன் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே ஒவ்வொரு குழாயையும் பிளந்ததும் "மேடம், வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் 14

வரைபடத்தை இன்றுதான் முழுதாகக் கையில் வாங்கிப் பார்த்தேன், வயிற்றில் கல் விழுந்தது. பாலத் தூண்களுக்கு அடியில் மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் பைல் சின்ன வட்டம்தான், அதனால் வரும் சேதமும் சின்னது. ஆனால் வேலை நடக்கும்போது வண்டிகள் போக ஒரு மாற்றுப்பாதை போடுவார்களே, அதைத் தெற்கே காட்டியிருக்கிறார்கள். சில்லுத்திடல் வழியாக. கிடங்கைத் தள்ளி நிரவி, ரோலர் ஓட்டி, மேலே கிராவல். தற்காலிகப் பாதைதானே என்று யாரும் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் இதேதான் நடந்தது. தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது முதுமக்கள் தாழியின் வயிற்றில் ஜேசிபியின் பல் தடம் இருந்தது. பாலத்துக்குத் தோண்டிய குழியில் கிடைத்ததில்லை அது, மாற்றுப்பாதைக்கு மண் நிரவியபோது. இன்று வரை அந்த ஓட்டின் வெட்டுவாய் புதுச் செங்கல் நிறத்தில் கண்ணுக்குள் நிற்கிறது.

சாயங்காலம் பொறியாளரைத் தளத்துக்கே அழைத்துப் போய்க் காட்டினேன். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் இருந்தால் 2010 சட்டத் திருத்தப்படி சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. இங்கே அப்படி எதுவும் இல்லை, அதனால் சட்டத்தைக் காட்டி நிறுத்த என்னிடம் ஒன்றுமில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கிடங்குக்குள் இறங்கி, அந்தச் சாம்பல் அடுக்கின் முன்னால் குனிந்து நின்றார். "வடக்க போட்டா தாழ்வான எடம் மேடம், குழாய் கூடுதலாப் பதிக்கணும், செலவு ஏறும், மழைக்கு முன்னாடி முடிக்கணும்" என்றார். எல்லாமே உண்மை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், அவருக்குக் கையில் இருப்பது இரண்டே மாதம். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நீங்க எழுத்துல குடுங்க, நான் வடக்க அளந்து பாக்குறேன்" என்றார்.

ஆகஸ்ட் 17

இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டேன். மண்கரைக்குக் குறைந்த வாய்ப்பு, ஓடையின் அடி மண்ணுக்கு நடுத்தரம், சில்லுத்திடலுக்கு மிக அதிகம். தெற்கே வண்டி, ஜல்லி, சிமென்ட் மூட்டை எதுவும் இறக்கக் கூடாது. அங்கே சோதனைக்குழி போட வேண்டுமா என்பதைத் தொல்லியல் துறை முடிவு செய்யட்டும். தூண்களுக்கும் கரை முட்டுக்கும் தோண்டும் நாட்களில் ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும். பாலத்தை இடிக்கும் முன் ஒவ்வொரு கண்ணையும் அளந்து வரைந்து, காரையில் மாதிரி எடுத்து வைக்க வேண்டும். சுமைதாங்கியை ஊராரைக் கேட்டு, அவர்கள் சொல்கிற இடத்தில், புதுச் சாலையிலிருந்து தோள் உயரம் வரும்படி தூக்கி நட வேண்டும்.

மதியம் அந்தப் பக்கம் போனேன். மாற்றுப்பாதைக்காகத் தெற்கே அடித்திருந்த குச்சிகளில் நான்கைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள், இரண்டு இன்னும் நிற்கிறது. வடக்கே கருவேலத்துக்குள் இரண்டு பேர் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாளை கிழக்குக் கரையில் இரண்டாவது போர். காலை ஆறு மணிக்கு. நான் வருகிற வரை மண் பெட்டியை மூட வேண்டாம் என்று போர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.