ஒரு கடிதத்துக்கு நான்கு தடவை

ஜெர்மனியில் நரம்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் என்னை ஏற்கப் பேராசிரியர் சம்மதித்துவிட்டார். கலாநிதிப் பட்டம் முடித்த வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் புலமைப்பரிசிலுக்கு அப்படியொருவரை நாமே தேடிக்கொள்ள வேண்டும். எலிகளின் மூளையில் நினைவுக்கு உதவும் பகுதியான ஹிப்போகாம்பஸ் பற்றிய என் ஆய்வேட்டை வாசித்திருந்தவர், 2022 மின்வெட்டில் மைனஸ் 80 பாகையில் வைத்திருந்த மாதிரிகளை எப்படிக் காப்பாற்றினேன் என்றே நேர்காணலில் பத்து நிமிடம் கேட்டார். அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. என்னை அலைக்கழித்தது இங்கே கொழும்பில், நான் படித்த பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கிளை.

வாய்மொழித் தேர்வு முடிந்து பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவையும் (செனட்) அங்கீகரித்துவிட்டது. பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் ஏழு மாதம். கலாநிதிப் பட்டம் நிறைவாயிற்று என்று ஒரு கடிதம்தான் கேட்டேன். அதற்காக வெள்ளவத்தையிலிருந்து நான்கு தடவை பஸ் ஏறினேன். முதல் நாள், "விழா முடியட்டும்" என்றார் எழுதுவினைஞர். தலையை நிமிர்த்தவே இல்லை. அடுத்த முறை, கையொப்பமிட வேண்டியவர் விடுமுறையில். மூன்றாம் முறை கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால், "பட்டத்துக்கான தேவைகளை நிறைவுசெய்து வருகிறார்" என்று இருக்கிறது! அந்த "வருகிறார்" போதும், வாசிப்பவர் என்னை இன்னும் மாணவி என்று நினைக்க. பட்டம் நடைமுறைக்கு வரும் திகதியும் இல்லை. ஹம்போல்ட்டுக்குப் பட்டம் முடித்து நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திகதியே இல்லாவிட்டால் எங்கிருந்து எண்ணுவது? அன்றிரவு அழுதுவிட்டேன்.

நான்காம் முறை, வாசலில் இருந்த வயதான அலுவலக உதவியாளர்தான் வழி சொன்னார். "பிள்ளை, மூதவைக் கூட்டத்தின் இலக்கத்தையும் திகதியையும் பீடத்தில் கேட்டு வாங்கி வாருங்கள். அது இருந்தால் மறுக்க மாட்டார்கள்." பீடத்தில் அதைத் துண்டுத்தாளில் எழுதித் தந்தார்கள். வாசகத்தையும் நானே தட்டச்சு செய்து கொண்டுபோனேன். நாற்பது நிமிடத்தில் கடிதம் கைக்கு வந்தது. அந்த ஐயாவுக்கு என்றும் நன்றியோடு இருப்பேன்.

கடிதத்தைக் கவுண்டரிலேயே நின்று, ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். மை முத்திரையோடு மூன்று மூலப் பிரதிகள் கேளுங்கள், விசாவுக்கும் தேவைப்படும். ஹம்போல்ட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்க முடிந்ததால் நான் தப்பினேன். வழக்கமாக செப்டெம்பரில் மூடும் மேரி கியூரி (ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வுப் புலமைப்பரிசில்) அழைப்புக்கு ஆயத்தமாகிறவர்கள், மூதவை முடிவு வந்த வாரமே பரீட்சைக் கிளைக்குப் போய்விடுங்கள்.