பதினாறாம் அத்தியாயத்தில் கரைதட்டிய லத்தீன்

மூன்றாவது முறையாகத் தொடங்கிய லத்தீன் படிப்பு, இம்முறை அகராதியைத் திறக்காமலேயே பாடநூலின் பதினாறாம் அத்தியாயத்தின் கடைசி வரியைத் தொட்டுவிட்டது. முழுவதும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த அத்தியாயத்தில் வீசும் புயல் என் தலைக்குள் பாதி இன்னும் ஓயவில்லை.

பாடநூலைத் தேர்ந்தெடுப்பதில் நான் செய்த பிழை, எல்லா நூல்களையும் முதல் அத்தியாயத்தை வைத்து எடைபோட்டதுதான். 1956-இல் முதலில் வெளிவந்த வீலாக்கின் நூல் இலக்கணத்தை முன்வைப்பது; வாசித்து வாசித்தே மொழிக்குள் நுழைய விரும்புபவருக்காக அது எழுதப்படவில்லை என்பது தெரியாமல் அதில் இறங்கியது என் குற்றம். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் பொம்பேயி நகரத்துக் காய்கிலியுஸ் குடும்பத்தின் கதை சுவையாகவே நகர்ந்தது. ஆனால் கதையை அடுத்தே சொற்பொருள் ஆங்கிலத்தில் நிற்பதால், என் கண் லத்தீனை விட்டு அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை, நூலின் நடுப்பகுதியைத் திறந்து, ஒரு பக்கத்தை அதற்கு முந்தைய பக்கங்களின் துணையோடு மட்டுமே படிக்க முடிகிறதா என்று பார்த்தேன். அந்தச் சோதனையில் தேறியது டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்கின் 'லிங்குவா லத்தீனா'. அதன் முதல் பாகமான 'ஃபமிலியா ரொமானா'வில் 35 அத்தியாயங்கள். பாடம் முழுவதும் லத்தீனிலேயே நடக்கிறது. புதுச் சொல் வந்தால் ஓரத்தில் ஒரு படமோ, ஒரு சமக்குறியோ, 'மக்னுஸ் ↔ பர்வுஸ்' (பெரிய ↔ சிறிய) என்பது போன்ற எதிர்க்குறியோ இருக்கும். நெடில்களின் மேல் கோடு இட்டிருப்பது எனக்குப் பெரிய நிம்மதி; 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். குறிலையும் நெடிலையும் எழுத்திலேயே பிரித்துப் பழகிய நமக்கு, கோடு இல்லாத பதிப்பை வாங்குவது வீண் தண்டனை.

வேற்றுமைகள் என்னை அவ்வளவாக வருத்தவில்லை. நாம் 'ஆல்', 'இலிருந்து', 'இல்' என்று பிரித்துச் சொல்லும் மூன்றையும் லத்தீனின் அப்லத்திவுஸ் வேற்றுமை ஒன்றே சுமக்கிறது என்பது விளங்கியதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பதினாறாம் அத்தியாயத்தில் கதைமாந்தர்களான மேதுஸும் லிதியாவும் கப்பலேறும்போதுதான் நான் கரைதட்டினேன். 'சோலெ ஒரியெந்தெ' என்ற இரு சொற்களை, இரண்டும் அதே வேற்றுமையில் நிற்க, முதன்மை வாக்கியத்தோடு எந்த ஒட்டும் இல்லாமல் கண்டபோது, "சூரியன் உதித்துக்கொண்டிருக்கிற நேரத்தில்" என்று ஆங்கில விளக்கத்தின் வழியாகச் சுற்றிச் சுற்றி மொழிபெயர்த்தேன். ஐந்தாம் நாள்தான் உறைத்தது: இது நம் செயவென் எச்சம். 'சூரியன் உதிக்க, கப்பல் புறப்பட்டது' என்பதில் உதிப்பது ஒன்று, புறப்படுவது வேறொன்று; இடையில் இணைப்புச் சொல்லே தேவையில்லை. 'முல்தீஸ் ஹொமினிபுஸ் ஸ்பெக்தந்திபுஸ்' என்பது 'பலர் பார்த்திருக்க' என்று அதன் பின் தானாகவே காதில் விழுந்தது. இந்த ஒரு வாக்கிய அமைப்புக்காக ஐந்து நாள் அதே பக்கங்களை உரக்கப் படித்தேன்; அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

அதே அத்தியாயத்தின் மற்றொரு சிக்கல் இன்னும் பிடிபடவில்லை. ஆறாம் அத்தியாயத்தில் '-துர்' என்று முடிந்தால் செயப்பாட்டுவினை என்று கற்றுக்கொண்ட மனம், 'லொக்வித்துர்' என்பதைப் பார்த்தவுடன் 'பேசப்படுகிறான்' என்று துள்ளுகிறது. உண்மையில் அவன் பேசுகிறான், அவ்வளவுதான். வடிவம் செயப்பாட்டுவினை, பொருள் செய்வினை என்ற இந்த வினைகளுக்கென்று தனி அட்டைகள் எழுதிவைத்தேன். அட்டைகளைவிட, அத்தியாய இறுதியில் விகுதிகளை நிரப்பச் சொல்லும் முதல் பயிற்சியே ('பென்சும்' என்பது அதன் லத்தீன் பெயர்) பலன் தருகிறது.

பழைய நூல் விற்கும் ஒருவர் பாடநூலைக் கேட்டதற்குப் பயிற்சிப் புத்தகத்தை மட்டும் அனுப்பிவிட்ட கதை தனி. திருப்பி அனுப்ப மனமில்லாமல் வைத்துக்கொண்டேன். இப்போது அதுவும் பயன்படுகிறது. துணைநூலான 'கொல்லோக்வியா பெர்சொனாரும்' கையில் இருக்கிறது. அதிலுள்ள உரையாடல்களை அத்தியாயத்துக்கு ஒன்றாகப் படித்துக்கொண்டே வர எண்ணியிருக்கிறேன். சீசரின் காலியப் போர்க் குறிப்புகளை இப்போதே புரட்டிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்க முடியவில்லை. நேற்று முதல் பக்கத்தைத் திறந்தேன்; மூன்றாவது வாக்கியத்தில் மூடிவிட்டு, மறுபடியும் மேதுஸின் கப்பலுக்கே வந்துவிட்டேன்.