மலையுச்சியில் ஒரு கணக்குப்பிள்ளை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் பறவைச் சரணாலயத்தின் வடக்கு உச்சியில், ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை தினமும் ஒருவர் பாறைமேல் உட்கார்ந்து, தெற்கே வலசை போகும் வல்லூறுகளையும் கழுகுகளையும் எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு பருவம் அந்த வேலையைச் செய்தவர்களில் நானும் ஒருவன். என்ன உத்தியோகம் என்று கேட்டால் கணக்குப்பிள்ளை என்றுதான் சொல்வேன். பறவை ஆராய்ச்சி என்று சொன்னால் சாகசக் கதை கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மணிக்கு ஒரு வரி. காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, மேகமூட்டம், எவ்வளவு தூரம் தெரிகிறது, எத்தனை பேர் பார்க்கிறோம் என்று முதலில் வானிலைக் கட்டங்கள். அதன்பிறகு ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கட்டம். ஒன்றுமே வராத மணிக்கும் வரி உண்டு. பூஜ்யம் என்று எழுத வேண்டும், கட்டத்தை வெறுமனே விடக்கூடாது. பூஜ்யம் என்றால் ஆள் இருந்தார், பார்த்தார், பறவை வரவில்லை. வெற்றுக் கட்டம் என்றால் யாரும் பார்க்கவில்லை. 1934-இல் இங்கே எண்ணத் தொடங்கிய மாரிஸ் பிரவுன் உலகப்போரின்போது கடற்படைக்குப் போய்விட்டதால் 1943 முதல் 1945 வரை கணக்கே இல்லை. அந்த மூன்று இலையுதிர்காலங்களில் இந்த மலையைக் கடந்தவை எத்தனை என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

வருகிறவர்கள் பளிச்சென்ற நீலவானத்தைப் பார்த்து, “இன்று அருமையான நாள்” என்பார்கள். எங்களுக்கு அதைப்போலத் தொல்லை வேறில்லை. நீலத்தில் கண்ணுக்குப் பிடிமானம் கிடையாது. உயரத்தில் போகும் பறவை தலைக்கு நேர்மேலே வந்தாலும் தெரியாது. வெள்ளை மேகம் இருந்தால் அதன்மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் தெரிந்துவிடும். எதிரே தெரியும் மலைத்தொடரின் மேடுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் வைத்திருக்கிறார்கள். “மூன்றுக்கு மேலே, இடதுபக்கம் நகர்கிறது” என்றால் எல்லா பைனாகுலர்களும் ஒரே இடத்துக்குத் திரும்பும். குளிர்காற்று வடமேற்கிலிருந்து வந்து கிட்டாடினி மலைத்தொடரில் மோதி மேலெழும் நாட்களில் பறவைகள் அந்தக் காற்றிலேயே சவாரி செய்து கண்மட்டத்தில் வரும். அப்போது எண்ணுவது சுலபம்.

சிரமம் செப்டம்பர் நடுவில்தான். மத்திய, தென் அமெரிக்காவுக்குப் போகும் பிராட்விங் வல்லூறுகள் வெப்பக்காற்றில் கூட்டமாகச் சுழன்று ஏறும். சுழலும்போது எண்ணவே கூடாது. ஒரே பறவை நாலு தடவை கணக்கில் ஏறிவிடும். உச்சிக்குப் போனதும் சிறகை விரித்தபடி ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே சறுக்கும். கட்டைவிரல் கவுன்டரை அமுக்க வேண்டியது அப்போதுதான். நெருக்கமாக வந்தால் பத்துப் பத்தாக. 1978 செப்டம்பரில் ஒரே நாளில் 21,000-க்கும் அதிகமான பிராட்விங்குகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. அன்று எண்ணியவரின் கட்டைவிரலை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உச்சியில் ஒரு கம்பத்தின்மேல் பொம்மை ஆந்தை வைத்திருப்போம். வல்லூறுகளுக்கு ஆந்தையைக் கண்டாலே ஆகாது. ஷார்ப்-ஷின்ட் என்கிற வல்லூறு, புறாவைவிடச் சின்னது, தாழ்வாக வந்து சட்டென்று திரும்பி அதன்மேல் பாயும். ஒருமுறை என் தோளுக்கு அருகிலேயே போனது. மார்பில் பழுப்புக் கோடுகள், மஞ்சள் கண், வெட்டிவிட்டாற்போன்ற வால்நுனி. அந்த வருடம் பொரித்த குஞ்சு. வளர்ந்ததாக இருந்தால் கண் சிவந்திருக்கும்.

எல்லாப் பறவையும் இப்படி வந்து முகம் காட்டுவதில்லை. அதனால் படிவத்தில் ‘அடையாளம் தெரியாதவை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதில் எழுதுவது கௌரவக் குறைச்சலாகப் படும். அந்தக் கட்டம் காலியாக இருக்கிற படிவத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பிரவுன் வெண்தலைக் கழுகுகளைக் குறிக்கும்போது இளசு, முதிர்ந்தது என்று பிரித்தே எழுதினார். இளங்கழுகுகள் உடல் முழுக்கக் கருமையாக இருப்பதால் பிரிப்பது கடினமில்லை. 1935-39இல் இங்கே கடந்த கழுகுகளில் 40 விழுக்காடு இளசுகள். 1955-59இல் அது 20 ஆனது. 1957-இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஒரு இளங்கழுகு. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து கழுகுகளைக் குஞ்சு பொரிக்கவிடாமல் செய்கிறது என்று 1962-இல் வாதிட்ட எழுத்தாளர் ரேச்சல் கார்சன் எடுத்துக் காட்டியது இந்தக் கணக்கைத்தான். பிரவுன் எண்ணத் தொடங்கியபோது அந்த மருந்து வயல்களுக்கு வந்திருக்கவேயில்லை.

இதே மலையில் முன்பு ஆட்கள் துப்பாக்கியோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். 1929-இல் மாநிலம் கோஸ்ஹாக் என்னும் பெரிய வல்லூறு ஒன்றைச் சுட்டால் 5 டாலர் பரிசு தந்தது. கண்ணில் பட்ட மற்ற பறவைகளும் சேர்ந்தே விழுந்தன. பறவைகளைக் காக்கப் போராடிய ரோசலி எட்ஜ் 1934-இல் மலையைக் குத்தகைக்கு எடுத்து பிரவுனைக் காவலுக்கு வைத்த பிறகுதான் அது நின்றது. அன்று தலைக்கு விலை வைக்கப்பட்ட கோஸ்ஹாக் இன்று அதே மாநிலத்தில் அழியும் நிலையிலுள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது.

என் படிவங்களில் கோஸ்ஹாக் கட்டம் முழுக்கக் கிட்டத்தட்ட பூஜ்யங்கள்தான். நவம்பரில் ஒரு மதியம், நாலாவது மேட்டுக்குப் பின்னால் கனத்த உடம்போடு ஒன்று போனது. கூட இருந்தவர் அனுபவசாலி, கோஸ்ஹாக்கேதான் என்றார். நான் பார்த்ததெல்லாம் நாலைந்து சிறகடிப்பும் ஒரு நீளவாலும்தான். பெண் கூப்பர்ஸ் வல்லூறும் தூரத்தில் அப்படித்தான் இருக்கும். அவரும் வாலின் அடியையோ முகத்தையோ பார்க்கவில்லை. அடையாளம் தெரியாதவை என்று எழுதினேன். பருவம் முடிந்து விடைபெறும்போதும், “அது கோஸ்ஹாக்தான்” என்று சொல்லித்தான் கைகொடுத்தார்.